கிராமத்தில் மாஜாங் ஆட ஆள் சேர்ப்பது எப்படி?

மாஜாங் என்பது படம் பொறித்த சிறு காய்களை எடுத்தும் போட்டும் செட் சேர்க்கும் சீன விளையாட்டு. அதற்கு நாலு பேர் வேண்டும். நகரத்தில் ஏதாவது கிளப்பைத் தேடிப்பிடித்து உட்கார்ந்துவிடலாம். கிராமத்தில் அப்படி ஒரு மேசை பெரும்பாலும் இருக்காது, நாம்தான் போட வேண்டும்.

முதலில் எந்த முறை என்று முடிவு செய்யுங்கள். ஜப்பானிய ரீச்சி, அமெரிக்க முறை, ஹாங்காங் முறை எல்லாமே மாஜாங்தான். ஆனால் ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் திணறுவார். அமெரிக்க முறையில் ஜோக்கர் காய்கள் உண்டு, எந்தெந்தச் சேர்க்கை வெல்லும் என்று பட்டியலிட்ட, ஆண்டுதோறும் மாறும் அட்டையைப் பார்த்துத்தான் காய் சேர்க்க வேண்டும். புதியவர்களுக்கு ஹாங்காங் முறையே எளிது என்பேன். கணினியில் ஜோடி ஜோடியாகக் காய்களை நீக்குவது வேறு விளையாட்டு. "எனக்குத் தெரியுமே" என்பவரிடம் எது தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆள். ரம்மி ஆடுகிறவர்களை முதலில் கேளுங்கள். ஒன்றை எடுத்து ஒன்றைப் போட்டு செட் சேர்ப்பது அவர்களுக்குக் கைவந்தது. நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஒரு அறிவிப்பு ஒட்டுங்கள். நாள், நேரம், முறை, அதோடு "தெரியாதவர்களும் வரலாம், பணம் வைத்து ஆடுவதில்லை" என்ற வரி. அந்த வரியை விட்டுவிடாதீர்கள். மாஜாங் என்றாலே சூதாட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. சின்ன ஊரில் அந்தப் பேச்சு கிளம்பிவிட்டால் வர நினைத்தவர்களும் தயங்குவார்கள்.

நாலு பேர் சேர்ந்ததும் நிறுத்தாமல் ஆறு பேரைப் பிடித்து வையுங்கள். வயல் வேலை, காய்ச்சல் என்று யாராவது ஒருவர் வராமல் போவது சகஜம். மூவர்தான் வந்தார்கள் என்றாலும் வழி இருக்கிறது. ஜப்பானிய மூவர் ஆட்டத்தில் எழுத்துக் காய்களில் (சீன எழுத்தில் எண் பொறித்தவை) 2 முதல் 8 வரை எடுத்துவிட்டு, மீதி 108 காய்களை வைத்து ஆடுவார்கள்.

முதல் நாள்தான் முக்கியம். நான் ஒருமுறை மதிப்பெண் பட்டியல் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தேன். வந்த மூவரும் மறுவாரம் வரவில்லை. இப்போது வேறு மாதிரி செய்கிறேன். சதுர மேசையில் தடித்த துணி விரித்து, பூவும் பருவமும் வரைந்த பூக்காய் எட்டையும் ஒதுக்கிவிட்டு, மீதி 136 காய்களையும் கவிழ்த்துப் போடுவேன். எல்லாரும் இரு கையாலும் கலக்க வேண்டும். பிறகு ஆளுக்கு 17 காய் நீளத்தில், இரண்டு அடுக்காகச் சுவர் கட்ட வேண்டும். காய்கள் உரசும் அந்தச் சத்தத்திலேயே பாதிக் கூச்சம் போய்விடும்.

முதல் சில ஆட்டங்களுக்கு மதிப்பெண் வேண்டாம். எல்லாரும் காயைத் திறந்து வைத்தே ஆடட்டும். மும்மூன்று காய்களாக நாலு செட், ஒரு ஜோடி, ஆக 14 காய் சேர்ந்தால் வெற்றி. யார் போட்ட காயை எடுக்கலாம் என்பதில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். ஒரே மாதிரி மூன்று சேர்க்க யார் போட்டதையும் எடுக்கலாம். 4, 5, 6 போல வரிசை சேர்க்க, உங்களுக்கு முன்னால் ஆடியவர் போட்டதை மட்டும்தான் எடுக்கலாம். இதை மேசையிலேயே நாலைந்து தடவை செய்து காட்டுங்கள்.

எழுந்து போவதற்குள் அடுத்த வாரம் யார் வீட்டில் என்று பேசி முடித்துவிடுங்கள். காய்ப்பெட்டியை அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.