பவளப்பாறையில் எது எதைத் தின்கிறது: நிலையான ஐசோடோப்புகளைக் கொண்டு அறியும் முறை

உடன்குடிக் கருப்பட்டியில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பதை நாக்கு கண்டுபிடிக்கத் தவறினாலும், அதிலுள்ள கார்பன் காட்டிக்கொடுத்துவிடும். பனையும் கரும்பும் காற்றிலிருந்து கார்பனை வேறு வேறு வழிகளில் எடுத்துக்கொள்வதால், கார்பன்-13 என்னும் சற்றே கனமான அணு கரும்பில் கூடுதலாகவும் பனையில் குறைவாகவும் இருக்கும். ஆய்வகக் கணக்கில் (இந்த எண்களின் பொருளை அடுத்த பத்தியில் சொல்கிறேன்) கரும்பு −12ஐ ஒட்டியும் பனை −25ஐ ஒட்டியும் நிற்கும். இதே வேறுபாடு கடலிலும் உண்டு. கடற்புல் ஏறத்தாழ −10, மிதக்கும் நுண்பாசி ஏறத்தாழ −20, தாமிரபரணி வெள்ளம் புன்னக்காயல் முகத்துவாரத்தில் கொண்டுசேர்க்கும் இலைதழை ஏறத்தாழ −28 என்று பிரிந்து நிற்பதால், ஒரு மீனின் தசையை அளந்தால் அதன் உடல் எந்தப் பசுமையிலிருந்து கட்டப்பட்டது என்று சொல்ல முடிகிறது. மன்னார் வளைகுடாவில் இம்முறையைக் கையாள விரும்பும் நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரி ஆய்வு மாணவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகளை ஐசோடோப்புகள் என்கிறோம். அவற்றில் நிலையானது என்பது கதிர்வீச்சு இல்லாதது, சிதையாதது. இயற்கையில் உள்ள கார்பனில் 1.1 விழுக்காடு கார்பன்-13. நைட்ரஜனில் சுமார் 0.37 விழுக்காடு நைட்ரஜன்-15. நாம் அளப்பது இவற்றின் விகிதம் ஒரு பொது அளவுகோலிலிருந்து ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகுகிறது என்பதையே. நைட்ரஜனுக்கு அந்த அளவுகோல் காற்று; கார்பனுக்கு அமெரிக்கக் கரோலினாவில் கிடைத்த ஒரு தொல்லுயிர் எச்சத்தின் சுண்ணாம்பை அடிப்படையாகக் கொண்டது. ஓர் உயிரை மற்றொன்று தின்னும்போது கார்பன் மதிப்பு அதிகம் நகர்வதில்லை, அந்த நகர்வு பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். நைட்ரஜன் மதிப்போ ஒவ்வொரு படிக்கும் சராசரியாக 3.4 ஏறுகிறது. ஆகவே கார்பன் உணவின் ஊற்றைச் சொல்கிறது, நைட்ரஜன் உணவு வலையில் அந்த உயிர் நிற்கும் படியைச் சொல்கிறது.

வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வயிறு கடைசியாகத் தின்றதை மட்டுமே காட்டும். பவளப்பாறையைச் சுரண்டிப் பாசி மேயும் கிளிமீனின் வயிற்றிலோ அரைபட்ட சுண்ணாம்புக் குழம்பைத் தவிர வேறொன்றையும் அடையாளம் காண்பது கடினம். தசை சில மாத உணவின் சராசரியைத் தாங்கி நிற்கிறது, கல்லீரல் அதைவிட விரைவில் புதுப்பிக்கப்படுகிறது. இரண்டையும் எடுத்தால் பருவம் மாறும்போது உணவும் மாறியதா என்பதைக்கூட ஒரே மீனிலிருந்து அறியலாம்.

களத்தில் இறங்குமுன் அனுமதி பெறுவது முதல் வேலை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கிய கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நமக்கு அருகிலுள்ள வான்தீவும் காசுவாரியும் காரியாச்சல்லியும் அதில் அடக்கம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றி உடைந்து கிடக்கும் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. மீன்களைத் திரேஸ்புரத்திலோ தருவைகுளத்திலோ கரை சேரும் வள்ளங்களிலிருந்து வாங்கலாம். ஆனால் எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்), எத்தனை பாகம் ஆழத்தில், எந்த வலையில் பட்டது என்று பிடித்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இடம் தெரியாத மீன் எவ்வளவு நல்ல மீனாக இருந்தாலும் இந்த ஆய்வுக்கு உதவாது.

இனி, இம்முறையில் பெரும்பாலோர் இடறும் இடத்துக்கு வருகிறேன். மீன்களை ஐம்பது அறுபது என்று சேர்த்துவிட்டு, உணவு வலை தொடங்கும் அடித்தளத்துக்கு இரண்டு பாசித் துண்டுகளோடு நின்றுவிடுகிறார்கள். ஏணியின் அடி எந்த உயரத்தில் ஊன்றியிருக்கிறது என்று தெரியாமல் மேற்படியின் உயரத்தை அளந்து பயனில்லை. மாநகரக் கழிவுநீர் கலக்கும் கரையோரத்தில் மனிதக் கழிவின் நைட்ரஜன் பாசியின் மதிப்பையே உயர்த்திவிடும். அங்கே மேயும் ஓரா மீனை, கழிவு எட்டாத தீவில் மேயும் ஓராவோடு அப்படியே ஒப்பிட்டால், முன்னது ஒரு படி மேலே ஏறிவிட்டதுபோல் பொய்த்தோற்றம் கிடைக்கும். எனவே ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு பருவத்திலும் அடித்தளத்தைத் தனியாக எடுக்க வேண்டும். பாறைமேல் படரும் குறும்பாசி, பெரும்பாசிகள், கடற்புல், முகத்துவாரத்து இலைமக்கு ஆகியவற்றோடு, முன்னதாக 450 டிகிரி செல்சியஸில் சுட்டெடுத்த கண்ணாடியிழை வடிதாளில் கடல்நீரை வடித்து மிதவைப் பொருளையும் சேகரிக்கலாம். நுண்பாசியின் மதிப்பு நாளுக்கு நாள் ஆடும். அதனால் பல மாதச் சராசரியை உடலில் வைத்திருக்கும் இரண்டு உயிர்களை அடித்தளமாகக் கொள்வதே என் பரிந்துரை: நீரை வடித்துண்ணும் சிப்பி மிதவைப் பாதைக்கும், பாறையைச் சுரண்டி மேயும் நத்தை தரைப் பாதைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் இவற்றை எடுப்பது அவசியம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்ததுபோன்ற வெள்ளம் ஆற்று மண்ணையும் தழையையும் கடலில் கொட்டியபின், பழைய அடித்தள மதிப்பை வைத்துக் கணக்கிடுவது தவறாகும்.

பவளத்தையே ஆராய்வதானால், அது விலங்கும் அதனுள் வாழும் பாசியும் சேர்ந்த கூட்டு என்பதை மறக்கக் கூடாது. வடித்த கடல்நீரைக் காற்றழுத்தத்தோடு பீச்சிச் சதையைக் கூட்டிலிருந்து பிரித்து, மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் கனமான பாசி அடியில் படியும், விலங்குப் பகுதி மேலே நிற்கும். இரண்டின் கார்பன் மதிப்புகளும் நெருங்கியிருந்தால் பவளம் தன் பாசி தரும் உணவையே பெரிதும் நம்பியிருக்கிறது என்றும், விலங்குப் பகுதி விலகி விலங்கு மிதவையுயிர்களின் மதிப்பை நோக்கிச் சென்றால் இரை பிடித்தும் உண்கிறது என்றும் கொள்ளலாம். 2010, 2016 ஆண்டுகளில் வெளிறியதுபோல் நம் பவளங்கள் மீண்டும் பாசியை இழக்கும்போது, பிழைத்தவை இரை தின்று பிழைத்தனவா என்று கேட்பதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

மீனில் முதுகுத் துடுப்புக்குக் கீழுள்ள வெண்தசையைத் தோல், முள், செதில் இல்லாமல் வெட்டியெடுத்து உடனே பனிக்கட்டியில் வைத்து, அன்றே −20 டிகிரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பார்மலின் மதிப்புகளை மாற்றிவிடும். அதில் ஊறிய அருங்காட்சியக மாதிரிகளைப் புதிய மாதிரிகளோடு கலக்கக் கூடாது. 60 டிகிரியில் 48 மணி நேரம் உலர்த்தி, மாவாக அரைத்து, விலங்குத் தசையில் 0.5 முதல் 1 மில்லிகிராம், தாவரத்தில் 2 முதல் 3 மில்லிகிராம் வரை நிறுத்து, தகரக் குப்பியில் மடித்து நிறை நிறமாலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சுண்ணாம்பு கலந்த மாதிரிகளில் அதை நீக்க அமிலம் தேவை, அமிலமோ நைட்ரஜன் மதிப்பைக் கெடுக்கக்கூடும். ஆகவே மாதிரியை இரண்டாகப் பிரித்து, அமிலமிட்ட பாதியில் கார்பனையும் மற்றப் பாதியில் நைட்ரஜனையும் அளக்க வேண்டும். கொழுப்பு கார்பன் மதிப்பைக் கீழே இழுப்பதால், கார்பன்-நைட்ரஜன் எடை விகிதம் 3.5ஐத் தாண்டும் தசைகளில், அளந்த மதிப்பிலிருந்து 3.32ஐக் கழித்து, விகிதத்தின் 0.99 மடங்கைக் கூட்டித் திருத்தலாம்.

கணக்கு எளிது. மீனின் நைட்ரஜன் மதிப்பிலிருந்து நத்தையின் மதிப்பைக் கழித்து, 3.4ஆல் வகுத்து, பாசி முதல் படி, அதை மேயும் நத்தை இரண்டாம் படி என்பதால் 2ஐக் கூட்ட வேண்டும். எடுத்துக்காட்டுக்கு நத்தை 5.0, களவா 11.8 என்று வைத்துக்கொண்டால், களவா நான்காம் படியில் நிற்கிறது. பாசி மேயும் பவளப்பாறை மீன்களில் ஒரு படியின் ஏற்றம் 3.4ஐவிடக் கூடுதலாக இருப்பது அறியப்பட்ட ஒன்று. கிளிமீனைப் புலால் உண்ணியாக அறிவிக்குமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும். ஒரே இனத்திலும் குஞ்சும் பெரிய மீனும் வேறு உணவு தின்னும் என்பதால், ஒவ்வொரு மீனின் நீளத்தையும் குறித்திருக்க வேண்டும்.

எந்த ஊற்றிலிருந்து எத்தனை பங்கு என்பதை மதிப்பிடக் கலவைக் கணிப்பு மென்பொருள்கள் உள்ளன. ஆர் மொழியில் இயங்கும் மிக்ஸ்சியார் பலரும் பயன்படுத்துவது. எதைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும் என்பதே அதன் ஆபத்து. முதலில் ஊற்றுகளைப் படி ஏற்றத்துக்குத் திருத்தி வரைபடத்தில் குறித்து, மீன்கள் அவற்றுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழுகின்றனவா என்று கண்ணால் பார்க்க வேண்டும். வெளியே விழுந்தால் ஏதோ ஓர் ஊற்றைத் தவறவிட்டிருக்கிறோம், மீண்டும் கடலுக்குத்தான் போக வேண்டும். குறும்பாசியும் மிதவை நுண்பாசியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் கார்பனையும் நைட்ரஜனையும் மட்டும் வைத்து அவற்றைப் பிரிக்க இயலாது. கந்தக ஐசோடோப்பையோ தனித்தனி அமினோ அமிலங்களையோ அளக்க வேண்டியிருக்கும். அமினோ அமில முறையில் படிதோறும் வெகுவாக ஏறும் குளூட்டாமிக் அமிலமும் ஏறக்குறைய மாறாத பினைல் அலனினும் ஒரே தசையில் கிடைப்பதால், மீனே தன் அடித்தளத்தையும் சொல்லிவிடுகிறது. செலவு மிகுதி என்பதால், ஐயம் எழுந்த சில மீன்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

அளந்தபின் எஞ்சும் மாவை எறிந்துவிடாமல், இனம், நீளம், பார், தேதி எழுதிய சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஈரம் புகாமல் மூடிவைக்க வேண்டும்.