வெல்டிங் மெஷினுக்குத் தனி லைன் இழுக்கிறீர்களா? முதலில் ஒயர், பிறகுதான் பிரேக்கர்

200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கி வந்ததும் பலரும் அதை வீட்டிலிருக்கும் 16 ஆம்ப் பிளக்கில்தான் செருகுகிறார்கள். 12 கேஜ் ராடு (வெல்டிங் குச்சி, கேஜ் எண் குறையக் குறைய தடிமன் கூடும்) வரை பிரச்சினை இருக்காது. 10 கேஜ் போட்டு நாலைந்து ராடு தொடர்ந்து எரித்தால் பிரேக்கர் விழும், உடனே பக்கத்தில் நிற்பவர் "பிரேக்கர் பத்தல, 32 மாட்டுங்க" என்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். பிரேக்கர் காப்பாற்றுவது மெஷினை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் 32 ஆம்ப் மாட்டிய ஒரு வீட்டில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்திருக்கிறேன். பிரேக்கர் ஒருநாளும் விழவில்லை, ஆனால் உள்ளே இன்சுலேஷன் கருகி ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்கும் அறை.

சரி, கணக்குக்கு வருவோம். 10 கேஜ் ராடுக்கு 110 ஆம்ப் வைத்தால் ஆர்க்கில், அதாவது ராடு முனையில் எரியும் தீப்பொறியில், சுமார் 24 வோல்ட், பெருக்கினால் 2.6 கிலோவாட். சாதாரண இன்வெர்ட்டர் மெஷினின் இழப்பும் பவர் ஃபேக்டரும் (இழுக்கும் கரண்ட் முழுவதும் வேலைக்கு ஆகாத குறை) சேர்ந்து 230 வோல்ட்டில் ஏறக்குறைய 21 ஆம்ப் இழுக்கும். முழு 200 ஆம்பில் 43 வரை போகும். பயப்பட வேண்டாம், யாரும் பத்து நிமிடமும் நிற்காமல் வெல்டிங் வைப்பதில்லை. நேம் பிளேட்டில் டியூட்டி சைக்கிள் 40 சதவீதம் என்றிருந்தால் பத்து நிமிடத்தில் நாலு நிமிடம் ஓட்டலாம் என்று அர்த்தம். சூடு ஆம்பின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அப்போது அதிகபட்ச ஆம்பை 0.4-இன் வர்க்கமூலமான 0.63-ஆல் பெருக்குங்கள், 60 சதவீதம் என்றால் 0.77. 43 ஆம்ப் இப்படி 27 ஆகிவிடும், ஒயரைச் சூடாக்கும் கணக்கு இதுதான். அதிகபட்ச ஆம்ப் நேம் பிளேட்டிலேயே அச்சாகியிருக்கும், என் கணக்கைவிட அதையே நம்புங்கள்.

ஒயர் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. சுவருக்குள் பைப்பில் போகும் பிவிசி காப்பர் ஒயர், 4 ஸ்கொயர் என்றால் 30 டிகிரியில் 32 ஆம்ப் தாங்கும். தகரக் கூரைப் பட்டறையில் 40 டிகிரி சாதாரணம், அங்கே அது 28-க்கு இறங்கிவிடும். அதனால் நான் வைக்கும் கணக்கு இது: 20 ஆம்ப் பிரேக்கருக்கு 2.5 ஸ்கொயர், 25-க்கு 4, 32-க்கு 6. வீட்டுப் பட்டறைக்கு நான் சொல்வது 6 ஸ்கொயரும் 32 ஆம்பும்தான், எப்போதாவது 8 கேஜ் ராடு போட்டாலும் தாங்கும். பட்டறை மெயின் போர்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் 6 ஸ்கொயரிலேயே 30 ஆம்ப் ஓடும்போது ஆறு வோல்ட் குறையும், 2.5-இல் பதினான்கு. சாயங்காலம் ஏற்கெனவே வோல்டேஜ் குறையும் ஊரென்றால் மெஷின் இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், எனவே தூரம் கூடினால் 10 ஸ்கொயர் போடுங்கள்.

பிரேக்கர் டபுள் போல் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), சி கர்வ் (ஆன் செய்யும்போது வரும் நொடிநேர இழுப்பைத் தாங்கும் வகை). பழைய செம்புக் காயில் டிரான்ஸ்ஃபார்மர் செட் என்றால் ஆன் செய்ததும் பெரிய இழுப்பு இருக்கும், அதற்கு இன்னும் அதிகம் தாங்கும் டி கர்வ் எடுங்கள். எர்த் ஒயரும் பேஸ் ஒயர் அளவே, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சாதனம்) அவசியம், வியர்த்த கையோடு இரும்பைத் தொட்டு வேலை செய்கிறோம் இல்லையா. சாக்கெட் 32 ஆம்ப் நீல நிற இண்டஸ்ட்ரியல் வகை போடுங்கள், 16 ஆம்ப் பிளக் டாப்பின் கால் இந்தச் சூட்டில் உருகிவிடும்.

வேலை தொடங்குமுன் ஈபி கார்டில் உங்கள் சாங்ஷன் லோடு (மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த அளவு) எவ்வளவு என்று பாருங்கள், 32 ஆம்ப் என்றால் ஏழு கிலோவாட்டுக்கு மேல். கனெக்ஷன் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அப்புறம், முதல் நாள் ஐந்தாறு ராடு எரித்ததும் மெயினை அணைத்துவிட்டு பிளக்கையும் பிரேக்கரின் வெளிப்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு முனை மட்டும் சூடாக இருந்தால் அங்கே ஸ்க்ரூ லூசாக இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இறுக்கச் சொல்லாமல் அடுத்த ராடைக் கையில் எடுக்காதீர்கள்.