கொச்சியில ஒரு நாள் நிதானமா சுத்தணுமா, இப்படி பண்ணுங்க

முதல்ல கிழமை பாருங்க. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை லீவு, யூதர் கோயில் வெள்ளி சனி ரெண்டு நாளும் மூடிருவாங்க, அதனால ஞாயிறுல இருந்து வியாழனுக்குள்ள போறதுதான் சரி. எர்ணாகுளத்துல தங்கினா டாக்ஸி வேணாம், படகுத்துறையில இருந்து அரசு போட்ல ஃபோர்ட் கொச்சி போங்க, டிக்கெட் ரொம்ப கம்மி, துறைமுகத்துல நிக்கிற பெரிய கப்பலையெல்லாம் பாத்துக்கிட்டே போகலாம்.

காலையிலேயே சீனவலை பக்கம் போயிடுங்க. நாலஞ்சு பேரு சேந்து கயித்த இழுப்பாங்க, கயித்துல வரிசையா கட்டின பாறாங்கல்லு ஒவ்வொண்ணா கீழ இறங்க இறங்க அவ்வளவு பெரிய வலை தண்ணியில இருந்து மெதுவா மேல வரும், அத அவசரமில்லாம நின்னு பாக்கணும். பக்கத்துலயே செயின்ட் ஃபிரான்சிஸ் சர்ச், 1524-ல வாஸ்கோ ட காமாவ முதல்ல புதைச்சது இங்கதான், கல்லறைக் கல்லு இன்னும் இருக்கு.

மதியம் கரிமீன் பொள்ளிச்சது, அதாவது மசாலா தடவி வாழை இலையில சுட்ட மீன், கண்டிப்பா சாப்பிடுங்க, வாழை இலைய பிரிக்கும்போதே மசாலா வாசனை தூக்கும். வெயில் தாழ ஆட்டோல மட்டாஞ்சேரி. அரண்மனையில ராமாயண சுவரோவியத்துக்கு நேரம் குடுங்க, மத்தத வேகமா பாத்தா போதும். அப்புறம் 1568-ல கட்டின யூதர் கோயில், தரையில கையால வரைஞ்ச சீன ஓடு பதிச்சிருக்கும், குனிஞ்சு பாருங்க, ரொம்ப அழகு. திரும்ப வர்றப்ப வாட்டர் மெட்ரோ படகு புடிச்சு, ஜன்னலோரமா உக்காந்து வாங்க.