கண்ணாடி போட்டவர்கள் ஹெலிகாப்டர் பக்கம் மாற

பீரங்கிப் படையிலிருந்து ராணுவ விமானப் பிரிவுக்கு மாற ஆசைப்படும் தம்பிகள் சேலத்தில் என் வீட்டுக்கு வந்தால், முதலில் கண் ஃபைலைத்தான் கேட்பேன். 1986 நவம்பர் 1-ல் உருவான அந்தப் பிரிவு மற்ற படைப்பிரிவு அதிகாரிகளையும் எடுத்துக்கொள்கிறது. கண்ணில் பவர் இருக்கிறதே என்று ஆசையை மூட்டை கட்டிவிடாதீர்கள்.

பவரைக் குறைக்கக் கண்ணில் லேசர் சிகிச்சை செய்யும் முன் உங்கள் பிரிவின் விதியைப் படியுங்கள். உதாரணமாக, விமானப்படையில் 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது. செய்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின், தடிமன் 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. எனவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டுகள் இரண்டும் வேண்டும். என் அக்கா மகன் முதல் சீட்டைத் தொலைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் ஐந்து ரோட்டுக்கு மூன்று முறை அலைந்தான்.

காண்டாக்ட் லென்ஸ் கார்னியாவின் வளைவையே மாற்றும், பவர் தவறாக வரும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நிறப் பார்வையைச் சோதிக்கும், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் மறைந்திருக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள். பிறவி நிறக்குறையை லேசர் சரிசெய்யாது. இரவில் எதிரே பறப்பவரின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நம்மை நோக்கி வருகிறார். அந்த நொடியில் நிறம் குழம்பவே கூடாது.