கந்தாயம் கட்டும்போது பெங்களூரில் நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் பிறந்தால் அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ் வீடுகளில் தவறாமல் காதில் விழும் கேள்வி: "கந்தாயம் கட்டியாச்சா?" சொத்து வரியின் கன்னடப் பெயர்தான் இங்கே நம் வாயிலும் புழங்குகிறது. கட்டுவதில் நம் ஆட்கள் குறை வைப்பதில்லை. கடன் வாங்கியாவது ஏப்ரலுக்குள் கட்டி, ரசீதை பீரோவில் பத்திரப்படுத்துபவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சிக்கல் வருவது அந்த ரசீதுக்குப் பின்னால் இருக்கும் கணக்கில்.

2008-லிருந்து பெங்களூரில் நடப்பது சுயமதிப்பீட்டு முறை. வீட்டின் பரப்பு எவ்வளவு, யார் குடியிருக்கிறார்கள், கட்டி எத்தனை வருடம் ஆகிறது, எந்த மண்டலம் என்று எல்லாவற்றையும் உரிமையாளரே எழுதிக் கொடுக்கிறார். மாநகராட்சி பணத்தை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டதாலேயே கணக்கை ஒப்புக்கொண்டதாக ஆகாது. பல வருடம் கழித்தும் அதை எடுத்துச் சரிபார்க்கலாம். இது புரியாமல்தான் மற்ற எல்லாத் தவறும் நடக்கிறது.

என் சித்தி வீட்டுக் கதையைச் சொல்கிறேன். கீழே அவர்கள் குடியிருந்தார்கள். சித்தப்பா ஓய்வு பெற்ற பணத்தில் மாடி எழுப்பி லீசுக்கு விட்டார்கள். வரி கட்டப் போகும்போது மட்டும் பழையபடி நாலாம் நம்பர் ஃபாரம். போன வருடத்திலிருந்து எந்த மாற்றமும் இல்லாதவர்களுக்கு உரியது அது. மாற்றம் இருந்தால் ஐந்தாம் நம்பர் போட வேண்டும். யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பல வருடம் கழித்துக் கன்னடத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. படிக்கத் தெரியாததால் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார்கள். நான் எடுத்துப் படித்தபோது வரியோடு வட்டியும் அபராதமும் ஏறிக் கிடந்தன. சித்தி அன்று சாப்பிடவே இல்லை.

அந்த மாடி எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்று பாருங்கள். வரிக் கணக்கில் நாமே குடியிருக்கும் பகுதிக்கு ஒரு விகிதம், வாடகைக்கு விட்டதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு விகிதம். கணக்குக்காக மாதம் சதுர அடிக்கு 2 ரூபாய், 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; வருடத்துக்குப் பத்து மாதம்தான் கணக்கில் வரும். ஆயிரம் சதுர அடியிலும் நாமே இருந்தால் 1000 × 2 × 10 மாதம் = 20,000. கட்டடத்தின் வயதுக்கான தேய்மானம் 10 சதவீதம் என்று கழித்தால் 18,000. அதில் 20 சதவீதம், அதாவது 3,600 ரூபாய் வரி. பாதியை வாடகைக்கு விட்டிருந்தால் 10,000 + 20,000 = 30,000; தேய்மானம் போக 27,000; வரி 5,400. இதன் மேல் சுகாதாரத்துக்கு 15, நூலகத்துக்கு 6, பிச்சைக்காரர் மறுவாழ்வுக்கு 3 என்று செஸ் எனும் கூடுதல் வரி மட்டும் அந்த வரியில் 24 சதவீதம். வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் குறைத்துக் கட்டினால், பத்து வருடத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். லீசுக்கு விட்டால் மாத வாடகை வருவதில்லையே என்று சிலர் வாதிடுகிறார்கள். உள்ளே இருப்பது நீங்களா வேறொருவரா என்பதுதான் கேள்வி. பணம் எப்படி வருகிறது என்பது அல்ல.

வாசலில் ஒரு அறையைத் தடுத்து மாவுக்கடை, தையல் கடை போட்டவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த அறை குடியிருப்புக் கணக்கில் வராது. விகிதமும் வேறு, வரியும் 20-க்குப் பதில் 25 சதவீதம். கார் நிறுத்தும் இடத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. கீழ்த்தளம் 1985-ல் கட்டியது, மாடி 2015-ல் எழுந்தது என்றால் இரண்டுக்கும் ஒரே தேய்மானம் போடக் கூடாது.

மண்டலம் விஷயத்தில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு எழுதுவது பெரிய தவறு. ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலங்கள். பத்திரப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை வைத்துத் தெருத் தெருவாகப் பிரித்திருக்கிறார்கள். மெயின் ரோடு ஒரு மண்டலம், அதிலிருந்து திரும்பும் கிராஸ் இன்னொரு மண்டலம் என்று இருக்கலாம். மண்டலத்தைத் தவறாக எழுதிப் பல வருடம் கழித்து நோட்டீஸ் வாங்கியவர்கள் இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல என்றே நம்புகிறேன்.

ரசீதைப் பத்திரம் போல நினைப்பதும் நம்மிடம் இருக்கிறது. "முப்பது வருஷமா கந்தாயம் கட்றோம், இடம் எங்களுதுதான்" என்பார்கள். வரி கட்டியதால் உரிமை வந்துவிடாது. காத்தா என்பது மாநகராட்சிப் பதிவேட்டில் சொத்துக்கு இருக்கும் கணக்கு; ஏ என்றால் முறையானது, பி என்றால் முறைப்படி அனுமதி இல்லாதது. பி காத்தா சொத்துக்கும் வரி வாங்குவார்கள். அதனால் அது ஏ காத்தா ஆகிவிடாது. அப்பா இறந்து வருடங்கள் ஆகியும் அவர் பெயரிலேயே கட்டிக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன், காத்தாவை முதலில் மாற்றுங்கள். 2024 அக்டோபரிலிருந்து இங்கே விற்பனைப் பதிவுக்கு இ-காத்தா, அதாவது மின்னணுக் காத்தா கேட்கிறார்கள். அவசரத்துக்கு விற்கப் போகும் நேரத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைவது கொடுமை.

மற்றவை சிறியவை. முழுத் தொகையையும் ஏப்ரலில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. தவணையாகக் கட்டினால் கிடையாது. காலி சைட்டுக்கும் வரி உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து குப்பை அள்ளுவதற்கான கட்டணமும் சொத்து வரியோடு சேர்ந்து வருகிறது. குடியிருப்புகளுக்குக் கட்டடப் பரப்பைப் பொறுத்து மாதம் 10 முதல் 400 ரூபாய் வரை. போன வருடத் தொகையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் போதாது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்ததால் பழைய பாக்கி தீர்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த வருடம் புரோக்கரிடம் காசைக் கொடுத்து அனுப்புவதற்கு முன், போன வருட ரசீதை எடுத்து வெளிச்சத்தில் வையுங்கள். பி.ஐ.டி. எண் (சொத்தின் அடையாள எண்), பெயர், பரப்பு, மண்டலம், சொந்தக் குடியிருப்பா வாடகையா, கட்டிய வருடம் ஆகியவற்றை வீட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கன்னடம் படிக்க வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். சித்தி வீட்டில் இப்போது அந்த வேலையைப் பேத்திதான் செய்கிறாள்.