வேலிக்கால் குழி: கைச் சக்கரத்தைச் சுற்றும் முன்பு

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, பர்மாவில் தட்டோன் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க் கோயில் தோட்டத்துக்குக் கம்பி வேலி போட்டுவிடுவது என்று முடிவானது. பாக்குக் கன்று நட்ட இடம். ஊர் மாடுகளுக்கு எப்படித்தான் தெரியுமோ, குருத்து விட்ட மறுநாளே வந்து நின்றன. வேலிக்கு மொத்தம் 84 கால். கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துத் தோண்டினால் திருவிழாவுக்குள் முடியாது என்று, கையால் சுற்றிக் குழி போடும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். முதல் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால் ஐந்து குழி. அதில் இரண்டு கோணல். பற்சக்கரத்தில் ஒரு பல் போயிருந்தது.

இயந்திரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை என்னவென்று நினைத்துக்கொண்டு கையில் எடுத்தோம் என்பதில்தான் தப்பு.

பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கால் வைத்த இரும்புச் சட்டம், அதன் நடுவில் செங்குத்தாக ஒரு தண்டு, தண்டின் அடியில் சுருள் தகடு. சுருளின் கீழ் விளிம்பில் இரண்டு அலகு, நட்ட நடுவில் ஒரு கூர்முனை. பக்கவாட்டில் கைப்பிடி. கைப்பிடியைச் சுற்றினால் சின்னப் பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றும், தண்டு மெதுவாகத் திரும்பும். எங்களுடையதில் கை மூன்று சுற்று சுற்றினால் தண்டு ஒரு சுற்று. வேகம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது, உராய்வில் போவது போக, திருகும் விசை கிட்டத்தட்ட மூன்று மடங்கு கிடைக்கிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

வீட்டில் மேசையில் பொருத்திச் சுற்றும் தேங்காய்த் துருவி இருந்தால் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். மூடியை அளவாகப் பிடித்தால் பூப்போல விழும். அவசரத்தில் அழுத்தினால் பல் சிக்கி, கைப்பிடி நின்றுவிடும். குழி இயந்திரமும் அதே சாதிதான். அது மண்ணைக் குத்துவதில்லை, சீவி மேலே ஏற்றுகிறது. நாங்கள் முதல் நாள் செய்த தவறுகளில் முக்கால்வாசி, சீவுகிற சாமானைக் கடப்பாரையாக நினைத்ததால் வந்தவை.

கூர்முனை மண்ணில் இறங்கியதும் நாங்கள் இரண்டு பையன்களைச் சட்டத்தின் மேல் ஏறி நிற்கச் சொன்னோம். பாரம் இருந்தால் சீக்கிரம் இறங்கும் என்ற கணக்கு. இறங்கத்தான் செய்தது. ஆனால் அலகு மண்ணை வெட்டி எடுக்காமல், மரத்தில் திருகாணி ஏறுகிற மாதிரி சுருள் மொத்தமும் தரைக்குள் ஏறிவிட்டது. ஒன்றரை அடி போன பிறகு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. நான்கு பேர் மூங்கிலைக் கொடுத்து நெம்பிப் பார்த்தோம். தண்டு வளையாமல் தப்பியது சாமி புண்ணியம். அப்படி மாட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. கைப்பிடியை எதிர்ப்பக்கம் சுற்றினால், ஏறின வழியே தானாகக் கழன்று வரும். இது எங்களுக்குத் தோன்றியது மத்தியானச் சோற்றுக்குப் பிறகு.

சரி, எவ்வளவு ஆழத்துக்கு ஒரு தடவை மேலே எடுக்க வேண்டும்? ஆறு முதல் எட்டு அங்குலம். அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஒன்பது அங்குல அகலக் குழியில் எட்டு அங்குல ஆழத்து ஈரக் களிமண் ஏறக்குறைய 15 கிலோ வரும். நம் பர்மாக் கணக்கில் ஒன்பது பத்து வீசை. இரண்டு பேர் முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கித் தூக்கக்கூடிய பாரம் அது. இன்னும் நான்கு சுற்று சுற்றிவிட்டு எடுக்கலாமே என்று விட்டால் சுருள் நிரம்பி, மண் குழியின் சுவரோடு அப்பிக்கொள்ளும். ஈரக் களிமண்ணில் அடியில் காற்றுப் போக வழியில்லாமல், சேற்றில் கால் மாட்டிக்கொண்ட மாதிரி பிடித்து இழுக்கும். ஒரு சுற்று பின்னால் திருப்பிவிட்டுத் தூக்கினால் விடும்.

பல் உடைந்த கதைக்கு வருகிறேன். எங்கள் இயந்திரத்தில் தண்டையும் சுருளையும் சேர்ப்பது விரல் நீள ஆணி ஒன்று. வேண்டுமென்றே மெத்தென்ற இரும்பில் செய்தது. அடியில் கல்லோ வேரோ சிக்கினால் முதலில் அது முறிய வேண்டும், மற்றதெல்லாம் பிழைக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. காலையில் அது இரண்டு தடவை முறிந்தது. மட்டமான ஆணியைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று விற்றவனைத் திட்டிக்கொண்டே, சைக்கிள் கடையில் ஒரு கெட்டி போல்ட் வாங்கி மாட்டினோம். அடுத்த கல்லுக்கு ஆணி முறியவில்லை, பற்சக்கரத்தின் பல் முறிந்தது. ஆணி விலை ஒரு வெற்றிலைச் செலவு. பற்சக்கரத்தை மோல்மீனில் பட்டறையில் கொடுத்துப் பல் வைத்து வாங்க நான்கு நாள் போனது. ஆணி முறிந்தால், போகிற வேகத்தைக் குறை என்று இயந்திரம் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதே மாதிரி ஆணிகள் ஐந்தாறு சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தண்டை ஒரு பக்கம் திருப்பினால், மண் சட்டத்தை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். சட்டத்தின் கால்களுக்கு முளை அடிக்காமல் சுற்றினால் அது மெல்ல நகரும், தண்டு சாயும். முதல் ஒரு அடிதான் குழியின் தலையெழுத்து. அதில் சாய்ந்துவிட்டால் பிறகு நேராக்க முடியாது. சுருள் ஏற்கனவே வெட்டின வழியில்தான் போகும். ஆகவே நான்கு அங்குலம் இறங்கியதும் நிறுத்தி, ரசமட்டத்தைத் தண்டில் இரண்டு பக்கம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றுதான் எங்கள் கோணல் குழி இரண்டும் வந்தன.

மண்ணைப் பற்றிப் பேசாமல் இதைப் பேச முடியாது. பங்குனியில் ஆரம்பித்ததே பிசகு. தட்டோன், மோல்மீன் பக்கத்துச் செம்புறைக்கல் மண் ஈரம் இருக்கும்போது வெட்டினால் வெட்டுப்படும், வெயிலில் காய்ந்தால் கல். மோல்மீனில் வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி வைகாசியிலிருந்து ஐப்பசிக்குள் கொட்டிவிடும். மாசி, பங்குனிக்கு வரும்போது தரை அம்மிக்கல்லாகக் கிடக்கும். மழை விட்டு மூன்று வாரம், அதாவது கார்த்திகை வாக்கில்தான் இந்த வேலைக்கு நல்ல பருவம். மண் பதமாக இருக்கும், சுருளில் ஏறும், உதறினால் விழும். நடு மழையில் தோண்டினாலும் வம்புதான். குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறும், கூழாகிப்போன மண் சுருளில் நிற்காமல் வழியும்.

கோடையில்தான் செய்தாக வேண்டும் என்றால், முதல் நாள் சாயங்காலம் குறி போட்ட இடத்தில் ஒரு சாண் பள்ளம் கொத்தி, அரை வாளித் தண்ணீர் ஊற்றி இரவெல்லாம் விடுங்கள். ஒரு வாளி ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். காலையில் சேறு அள்ள வேண்டியிருக்கும். செம்புறைக்கல் பாளம் தட்டுப்பட்டால் இயந்திரத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுங்கள். உடைத்துவிட்டு, உடைந்ததை அள்ள மட்டும் சுருளை இறக்குங்கள். ஐராவதிக் கழிமுகத்து வயல்காரர்களுக்குக் கல் தொல்லை இல்லை, அவர்களுக்குப் பிசுபிசுக்கிற களிமண். தகட்டில் அப்பிய மண்ணை ஒவ்வொரு தடவையும் மூங்கில் சிம்பால் வழித்துவிடாவிட்டால், மூன்றாவது குழிக்குள் சுருள் மண் உருளையாகிவிடும். ஆற்றோர மணலில் சுருள் திருகு உதவாது, மண் சரிந்துகொண்டே இருக்கும். அங்கே இரண்டு பக்கமும் மூடின வாளி மாதிரி அலகு உள்ள திருகுதான் வேண்டும்.

அகலம். இதில் இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். நான்கு அங்குலச் சதுரக் கான்கிரீட் காலுக்கு ஆறு அங்குலத் திருகு போதும் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். சதுரத்தின் மூலைக்கு மூலை அளந்தால் ஐந்தரை அங்குலத்துக்கு மேல் வரும். கால் உள்ளே போகும், சுற்றிலும் மண்ணை இடித்து இறுக்க இடமே இருக்காது. இன்னொருவர் ஒரு அடி அகலம் போட்டால் கால் அசையாது என்றார். அசையாதுதான், ஆனால் அகலம் இரட்டித்தால் அள்ள வேண்டிய மண் நான்கு மடங்கு. ஆறு அங்குலத்தில் சுலபமாகச் சுற்றுகிற கை, பன்னிரண்டில் நின்றுவிடும். நான்கு அங்குலக் காலுக்கு எட்டு அல்லது ஒன்பது அங்குலம் என்பதுதான் என் கட்சி.

ஆழத்துக்கு, காலின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஏழடிக் கால் என்றால் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல். மூலைக்கால் கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்குவதால் அதற்கு மூன்றடி.

அப்புறம் நூல். குழி வரும் இடத்தின் நடுவில் முளைக்குச்சி அடித்து, அதன் மேல் நூல் பிடித்துவிட்டு, குச்சியைப் பிடுங்கிக் குழி போட்டால் குறி எங்கே? நாங்கள் அதைத்தான் செய்தோம். மூலைக்கால்களை முதலில் நட்டு, அவற்றின் வெளிமுகத்தை ஒட்டி நூல் பிடியுங்கள். நூல் கால்களின் வரிசையைக் காட்டும், குழி போடும்போது அவிழ்த்துவிட்டுப் பிறகு அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம். குழியின் நடுவை நூலிலிருந்து இரண்டு அங்குலம் உள்ளே தள்ளிச் சுண்ணாம்பால் குறித்தால் போதும்.

சக்கரம் ஓடுகிற வேகத்தில் எல்லாக் குழியையும் முதலில் போட்டுவிட்டு, கால்களைப் பிறகு மொத்தமாக நடலாம் என்று தோன்றும். வேண்டாம். திறந்து கிடக்கிற குழியில் கன்றுக்குட்டி கால் விடும், பிள்ளைகள் விடுவார்கள், எதிர்பாராத ஒரு மழைக்குச் சுவர் சரியும். எங்களுக்கு மூன்றாம் நாள் காலையில் ஒரு குழிக்குள் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. இந்த நாட்டில் வயல்காரர்களை அதிகமாகக் கடிக்கிற பாம்பு அதுதான். அடியில் மிச்சமிருக்கும் மண்ணை வழிக்கக் குப்புறப் படுத்துக் கையை விடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை விட்டுவிட வேண்டும். பால் டின் ஒன்றை நீளக் குச்சியில் கட்டினால் அதே வேலையைச் செய்யும். அன்றன்று நடக்கூடிய குழியை மட்டும் போடுங்கள், மிஞ்சினால் கல்லோ பலகையோ வைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 2023இல் கண்ணிவெடியால் உலகிலேயே அதிகம் பேர் அடிபட்டதும் செத்ததும் பர்மாவில். பதிவானவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். கிழக்கே கரேன் மலைப் பக்கத்திலோ, சண்டை நடந்த வேறு எந்தப் பக்கத்திலோ நிலம் வைத்திருப்பவர்கள், பல வருஷம் ஆள் நடமாட்டம் இல்லாத எல்லை ஓரத்தில் ஊர்க்காரரைக் கேட்காமல் கூர்முனையை இறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு வேலியே வேண்டாம்.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் கைலிக்காரர்கள். பற்சக்கரத்துக்கு மூடி இல்லாத இயந்திரம் கைலி முனையையும் தோள் துண்டையும் ஒரே மாதிரி விரும்பி இழுக்கும். தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொள்ளுங்கள், துண்டைக் கழற்றி வேலியில் போடுங்கள். கைப்பிடி இடுப்பு உயரத்துக்கு வரும்படி சட்டத்தை வையுங்கள். குனிந்து சுற்றினால் பத்தாவது குழிக்கு மேல் முதுகு பேசும்.

குழி நன்றாக அமைந்த பிறகு கோட்டை விடுவது மண் தள்ளும்போது. காலை நிறுத்தி, எல்லா மண்ணையும் ஒரேயடியாகத் தள்ளி, மேலே நாலு மிதி மிதித்தால் இறுகுவது மேல் ஆறு அங்குலம் மட்டும். அரை அடி மண், திமிசுக்கட்டையால் இடி, மறுபடி அரை அடி என்று போக வேண்டும். இருள் மரக் கால் நடுகிறவர்கள் (இங்கே பியிங்காடோ என்றால்தான் கடைக்காரருக்குப் புரியும்) அடியில் நான்கு அங்குலம் ஜல்லி போட்டால் தண்ணீர் தேங்காது. அந்த மரத்தைக் கரையான் சீக்கிரம் தொடாது என்றாலும், தண்ணீரில் நிற்க வைத்து அதைச் சோதிப்பானேன். தரைமட்டத்தில் கலவையோ மண்ணோ, காலைச் சுற்றிக் கொஞ்சம் மேடாக்கி வெளிப்பக்கம் சரித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் எங்கள் இயந்திரத்தை மண்ணோடு அப்படியே கோயில் கொட்டகையில் சாத்திவிட்டு, திருவிழாவிலும் அதன் பின்னாலேயே வந்த பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவிலும் மறந்துபோனோம். மழைக்காலம் முடிந்து எடுத்தபோது அலகு துருவேறி மொட்டை. தட்டையான அரத்தால், பழைய சாய்வு மாறாமல் ஒரே பக்கம் தேய்த்துக் கூராக்கினேன். இரண்டு பக்கமும் தேய்த்தால் முனை மெலிந்து கல்லில் மடங்கும். பற்சக்கரத்துக்குக் கிரீஸ், சுருளுக்குக் கழிவு எண்ணெய்.

கார்த்திகையில் அந்த இரண்டு கோணல் கால்களையும் பிடுங்கி, ஓர் அடி தள்ளிப் புதுக் குழி போட்டோம். சட்டத்துக்கு முளை அடித்து, யாரும் மேலே ஏறாமல், எட்டு எட்டு அங்குலமாக எடுத்ததில் இரண்டு குழிக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது. ஆணி முறியவில்லை.