மாதவிடாய்ச் செயலிக்கு முதல் திரை வரைவது எப்படி?

2014-இல் ஆப்பிள் தன் உடல்நலச் செயலியை வெளியிட்டபோது, உணவில் சேர்ந்த சோடியத்தைக்கூட அதில் பதிய முடிந்தது. மாதவிடாயைப் பதிய இடமில்லை. அடுத்த ஆண்டுதான் சேர்த்தார்கள். இன்று அதற்கென்றே ஏராளமான செயலிகள் உள்ளன. ஆனாலும் பல செயலிகள், 28 நாள் கணக்குத் தவறாத ஓர் உடலை மனத்தில் வைத்தே வரையப்பட்டிருக்கின்றன. வடிவமைப்பு கற்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது நல்ல பயிற்சி. சில வெள்ளைத் தாள்கள், பென்சில், அழிப்பான் போதும். கணினி பிறகு.

படி 1: யாருக்கு?

எதையும் வரையாதீர்கள். முதல் தாளில் ஐந்து பேரை எழுதுங்கள்: சென்ற ஆண்டு பூப்பெய்திய மாணவி, குழந்தைக்காகக் காத்திருப்பவர், இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர், சினைப்பை நீர்க்கட்டியால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர், 47 வயதில் சுழற்சி தடுமாறுபவர். இனி வரையும் ஒவ்வொரு திரையையும் இந்த ஐவரின் கண்ணாலும் பாருங்கள். 'கருத்தரிக்க விரும்புகிறீர்களா?' என்று எடுத்த எடுப்பில் கேட்கும் திரை மாணவியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். 'எதற்காகக் குறித்துவைக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். பதிலைப் பின்னால் மாற்றிக்கொள்ளவும் வழி வையுங்கள்.

படி 2: ஒரே பொத்தான்

முகப்பில் பெரிதாக 'இன்று தொடங்கியது'. அதன் கீழே சற்றுச் சிறிதாக 'முன்பே தொடங்கியது'. வயிற்றுவலியோடு சுருண்டு படுத்திருப்பவர் ஒரு கைவிரலால் முடித்துவிட வேண்டும். வலி, மனநிலை, உதிரப்போக்கின் அளவு எல்லாம் அதற்கும் கீழே, விருப்பமிருந்தால் மட்டும். தமிழில் எழுதும்போது 'தீட்டு', 'தூரம்' போன்ற சொற்கள் வேண்டாம். 'மாதவிடாய்' என்றே எழுதுங்கள்.

படி 3: கணிப்பைத் தேதியாக அல்ல, பட்டையாக வரையுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒருவரின் கடந்த ஆறு சுழற்சிகள் 27, 31, 29, 38, 28, 30 நாள்கள் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 30.5. கடைசி மாதவிடாய் ஜூன் 1-இல் தொடங்கியது. சராசரியை நம்பும் செயலி, ஜூலை 1-இல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். ஜூலை 3 வந்தால் 'இரண்டு நாள் தாமதம்' என்று அலறும். ஆனால் அவருடைய உடல் தாமதிக்கவே இல்லை. அவர் கணக்குப்படி ஜூன் 28 முதல் ஜூலை 9 வரை எந்த நாளும் இயல்பானதே. ஆகவே நாள்காட்டியில் அந்தப் பன்னிரண்டு நாள்களையும் வெளிர்நிறப் பட்டையாகத் தீட்டுங்கள்.

கருவளநாள்கள் இன்னும் நுட்பமானவை. கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாள்களும் கருத்தரிக்க ஏற்றவை. கருமுட்டை வெளிப்படுவது, அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. மேலே சொன்னவருக்கு அது ஜூன் 14-ஆகவும் இருக்கலாம், ஜூன் 25-ஆகவும் இருக்கலாம். அதாவது ஜூன் 9 முதல் 25 வரை, 17 நாள்கள்! அந்த 14 நாளும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் பட்டை இன்னும் அகலமாகலாம். அதை ஆறே நாளாகச் சுருக்கிப் பச்சை வண்ணம் அடித்துக் காட்டுவது பொய். கருத்தரிப்பைத் தவிர்க்க நினைப்பவருக்கு அது ஆபத்தான பொய். 2018-இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஒரு கருத்தடைச் செயலிக்கு முதன்முதலாக ஒப்புதல் தந்தது உண்மைதான். அது தினசரி உடல் வெப்பநிலையையும் கேட்கும் செயலி. தேதியை மட்டும் வைத்துக் கணக்கிடும் உங்கள் திரையில், 'இது கருத்தடை முறை அல்ல' என்ற வரி பட்டைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் புதைக்காதீர்கள்.

மூன்று சுழற்சிகூடப் பதியாதவருக்கு எதைக் காட்டுவது? 'இன்னும் கணிக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். அதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

படி 4: கர்ப்பம் கலைந்துபோனால்

என் தோழி இப்படியொரு செயலியில் தன் கர்ப்பத்தையும் பதிந்துவந்தாள். ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்தது. மூன்று வாரம் கழித்து அவள் கைபேசியில் ஒரு செய்தி: 'உங்கள் குழந்தை இப்போது எலுமிச்சை அளவு!' நிறுத்தும் இடத்தைத் தேடி அவள் ஐந்து திரைகள் கடந்தாள். ஐந்தாவது திரை காரணம் கேட்டது. அன்றிலிருந்து, நிறுத்துவதற்கான திரையை நான் மற்ற எதற்கும் முன்பே வரைகிறேன். கர்ப்பப் பக்கத்தின் முகப்பிலேயே 'இதை நிறுத்து' என்று ஒரு வரி. தொட்டதும் எல்லா அறிவிப்புகளும் நிற்க வேண்டும். காரணம் கேட்க வேண்டாம். பதிவுகளை வைத்திருப்பதா, நீக்குவதா என்பதை மட்டும், பிறகு ஒரு நாள் முடிவு செய்துகொள்ளும்படி விடுங்கள்.

படி 5: பூட்டுத்திரையும் தரவும்

ஒரே கைபேசியை வீட்டில் நாலு பேர் எடுக்கிறார்கள். பூட்டுத்திரையில் 'மாதவிடாய் நெருங்குகிறது' என்று வரக்கூடாது. 'ஒரு குறிப்பு இருக்கிறது' என்றால் போதும்.

2021-இல் ஃப்ளோ என்ற மாதவிடாய்ச் செயலி மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வைத்த குற்றச்சாட்டை நினைவில் வையுங்கள்: தரவு தனிப்பட்டதாகவே இருக்கும் என்று உறுதியளித்துவிட்டு, பயனர்களின் கர்ப்பத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுச் சேவைகளோடு பகிர்ந்தது. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. தரவைக் கைபேசியிலேயே வைத்திருக்கவும் முடியும். ட்ரிப் என்ற திறமூல (நிரலை எவரும் பார்க்கக்கூடிய) மாதவிடாய்ச் செயலி அப்படித்தான் செய்கிறது. 'எல்லாவற்றையும் அழி' பொத்தானையும் இப்போதே வரைந்துவிடுங்கள்.

படி 6: தாளோடு ஒருவரிடம் போங்கள்

தாள்களை மேசையில் பரப்பி, உங்கள் ஐவரில் ஒருவரைப் போன்றவரிடம் சொல்லுங்கள்: 'செவ்வாய்க்கிழமை தொடங்கியது, இன்று வெள்ளி. பதியுங்கள்.' பிறகு வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று மட்டும் பாருங்கள். தயங்கிய இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, அந்தத் திரையை மறுபடி வரையுங்கள்.